"ஒண்ணும் இல்ல மிஸ்" என்கிற பிள்ளைக்குள் என்ன நடக்கிறது?

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படி ஒரு இரவைப் பார்த்த பிள்ளைக்கு, அப்புறம் எப்போது தகரக்கூரையில் மழை இரைந்தாலும், அது சாதாரண மழைதான் என்று மனசுக்குத் தெரிவதற்கு முன்பே உடம்பு பயந்துவிடும். மூளைக்குள் அமிக்டலா என்ற சின்னப் பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கிறது. அது உசுப்பியதும் இதயம் படபடக்கும், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும், நிதானமாக யோசிக்க வைக்கும் நெற்றிப்பக்க மூளையின் பிடி தளரும்.

ஒரு நாள் மண்சரிவை விடவும், தினமும் குடித்துவிட்டு அடிக்கிற அப்பா இருக்கும் லயன் வீடு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) உறவுகளை ஆழமாகக் கெடுக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே ஆபத்து வருவதே பிள்ளை நம்ப வேண்டிய ஆளிடமிருந்து. அந்த வீட்டில் அழுதால் இன்னும் ரெண்டு அடி விழும். அதனால் பிள்ளை வெளியே காட்டாமல் இருக்கப் பழகி, நாளாக ஆக உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறது. தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தெரியாத இந்த நிலையை உளவியலில் அலெக்ஸிதைமியா என்பார்கள். இந்தப் பிள்ளையிடம் "என்னடா ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை, திமிரும் இல்லை. வயிறு வலிக்கிறது, தலை கனக்கிறது, அதற்கு மேல் பிள்ளைக்கே தெரியாது.

தன்னைப் படிக்கத் தெரியாத அதே பிள்ளை அடுத்தவர் முகத்தில் கோபத்தை மட்டும் படுவேகமாகப் படிக்கும். அமெரிக்காவில் உளவியலாளர் சேத் பொல்லாக் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மங்கலாக ஆரம்பித்து மெல்லத் தெளிவாகும் முகப் படங்களைக் காட்டினார்கள். வீட்டில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறைந்த தடயத்திலேயே கோபத்தைக் கண்டுபிடித்தார்கள். வீட்டில் அடியிலிருந்து தப்பிக்க அந்தத் திறமை தேவைப்பட்டது, சரி. ஆனால் வகுப்பில்? பக்கத்து பெஞ்சுப் பையன் குளிரில் முகத்தைச் சுருக்கினாலும் தன்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டு, அவன் அடிப்பதற்குள் இவன் முந்திக்கொள்வான், இல்லையென்றால் பேச்சையே நிறுத்திவிடுவான். ரெண்டிலும் நட்பு போய்விடுகிறது, "யாரோடும் ஒத்துப்போக மாட்டான்" என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

இது மாறும். அடிபட்ட எல்லாப் பிள்ளையும் இப்படி ஆவதில்லை, ஆனவர்களும் மீள்கிறார்கள், அதற்கு நம்பகமான பெரியவர் ஒருவராவது கூடவே இருப்பது பெரிய துணை. உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்ததுமே அமிக்டலாவின் பரபரப்பு குறைவதை மூளை ஸ்கேனில் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் காட்டியது. அதனால் "ஏன்டா இப்படிப் பண்ற?" என்பதற்குப் பதிலாக, தனியாகக் கூப்பிட்டு "உடம்புல எங்க என்ன பண்ணுது கண்ணு? பயமா, கோவமா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பதில் வராது. அடுத்த வாரமும் அதே குரலில் கேளுங்கள்.

வீட்டில் அடி இன்னும் நிற்கவில்லை என்று தெரிந்தால் பேச்சு மட்டும் போதாது, குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிட வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.