மூழ்கினால் கடன் இல்லை: முசிறிக் கப்பலும் ரோமச் சட்டமும்

“பழைய ரோமும் சீனாவும் வணிக ஒப்பந்தம் ஏதாவது போட்டுக்கொண்டனவா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போடுவதற்கு ஆள் நேரில் சந்தித்தால்தானே! கி.பி. 97இல் ரோமைத் தேடிப் போன சீனத் தூதர் கான் யிங், காற்று எதிர்த்தால் கடலைக் கடக்க இரண்டு வருடம் ஆகும் என்று பார்த்திய (அன்றைய ஈரான்) மாலுமிகள் பயமுறுத்தியதும் திரும்பிவிட்டார். 166இல் ரோமப் பேரரசரின் பெயரைச் சொல்லிச் சீன அரசவைக்கு வந்தவர்கள் கொடுத்தது தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு. எல்லாம் வழியில் வாங்கக்கூடிய சரக்கு. அவர்கள் தூதர்களே அல்ல, வியாபாரிகள் என்பது என் கட்சி.

பட்டு கைமாறிக் கைமாறித்தான் போனது. சீனப் பட்டு கங்கை வழியாகச் சேரநாட்டுக் கரைக்கும் வந்ததாக, முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ் சொல்கிறது. அந்தக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்துக்குக் கப்பல் விட்டவர்களோடு ரோமச் சட்டமும் வந்தது, கடல்கடன் என்ற வடிவில். அதாவது, கப்பல் பயணத்துக்கென்று கொடுக்கும் கடன்.

சாதாரணக் கடனுக்கு ரோமில் வட்டி உச்சவரம்பு ஆண்டுக்கு 12 சதவீதம். கடல்கடனுக்கு வரம்பே இல்லை. ஏனென்றால் கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கியது. அசலைக்கூடக் கேட்க முடியாது. ஒரு பேச்சுக்கு, ஐந்து கப்பல்களுக்குத் தலா 100 காசு கொடுக்கிறீர்கள், ஒன்று மூழ்குகிறது. மீதி நான்கும் தலா 125 தந்தால்தான் போட்ட 500 கைக்கு வரும். அந்த 25 வட்டியே அல்ல, கரை சேர்ந்தவர்கள் மூழ்கியவருக்காகக் கட்டிய பிரீமியம்! காப்பீட்டு நிறுவனங்கள் பிறக்கும் முன்பே காப்பீடு. ரோமச் சட்ட அறிஞர்கள் இதை ‘ஆபத்தின் விலை’ என்றார்கள். கப்பல் கரை தொட்டதும் ஆபத்து தீர்ந்தது. அப்புறம் வட்டியும் பழைய 12க்கு இறங்கிவிடும்.

வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு ஒன்று முசிறிப் பயணத்துக்கான கடனைப் பேசுகிறது. சரக்குதான் அடமானம். செங்கடல் கரையில் இறங்கிய மூட்டைகள் ஒட்டகத்தில் நைல் கரை ஊரான கோப்டோஸுக்கு, அங்கிருந்து நைல் வழியே அலெக்சாந்திரியாவுக்கு. கிடங்குகளில் கடன் கொடுத்தவரின் முத்திரை. பின்பக்கத்தில் ஹெர்மபொலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்). அந்த ஏடு அச்சில் வந்தது 1985இல்தான். அகழாய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், கிடைத்ததை வாசிப்பவருக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

ஆண்கள் பட்டு உடுத்தக் கூடாது என்று கி.பி. 16இல் ரோம செனட் தடை போட்டது. பட்டு வருவது நிற்கவில்லை. கிழக்கிலிருந்து வரும் சரக்கில் நாலில் ஒரு பங்கு சுங்கம் அரசுக்கே போனது.