ஆள்களம்

கிளிநொச்சியில் புதிதாக ஒரு கொம்பனி தொடங்குபவரிடம் இணையத்தளம் செய்து கொடுக்கிற பெடியன் முதலில் கேட்பது, "டொமைன் எடுத்தாச்சா அண்ணை?" என்றுதான். காணி எடுப்பதுபோல இணையத்தளத்துக்கான அந்தப் பெயரையும் ஒருமுறை எடுத்தால் போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். சொல்லின் வேரும் அப்படித்தான் எண்ண வைக்கிறது.

லத்தீனில் தொமினுஸ் என்றால் எசமான். தொமினியும் என்றால் முழு உடைமை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பிரபுவின் நிலம், ஆட்சிப் பரப்பு, அறிவுத்துறை என்று பொருள் விரிந்தது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது சார்பின் 'ஆட்சி'.

இணையத்துக்கு இச்சொல் 1980களின் தொடக்கத்தில் வந்தது. அதுவரை கணினிகளின் பெயர்களெல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதைப் பராமரிக்க, மற்றவர்கள் பிரதி எடுத்தார்கள். கணினிகள் பெருகியதும் அந்தக் கோப்புத் தாங்கவில்லை. பெயர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரியவரே ஆளட்டும் என்று 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் வகுத்ததுதான், பெயருக்குரிய முகவரியைத் தேடிச் சொல்லும் டி.என்.எஸ் முறை. வன்னி மண்ணுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பற்றுப் பற்றாகப் பிரித்து ஆண்ட நிலம் இது. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று இன்றும் பிரதேச செயலாளர் பிரிவின் பெயர்.

தமிழில் ஆள்களம் என்கிறோம். எனக்கு இது மூலச்சொல்லைவிடப் பொருத்தமாகப் படுகிறது. ஆள்களம் வினைத்தொகை: ஆண்ட களம், ஆள்கின்ற களம், ஆளும் களம் என மூன்று காலமும் அதற்குள் உண்டு. டொட் கொம் பெயர் ஒன்றை ஒரே தடவையில் பத்து ஆண்டுக்குமேல் பதிய முடியாது. புதுப்பிக்கத் தவறினால் நேற்று ஆண்டவர் ஒருவர், நாளை ஆளப்போகிறவர் வேறொருவர். தொமினியும் சொல்லும் நிரந்தர உடைமை இங்கே கிடையாது.

பெரிய நிறுவனங்கள் இதற்குள் எங்கே வருகின்றன? அமேசன் 2010 டிசம்பரில் ரூட் 53 என்ற டி.என்.எஸ் சேவையைத் தொடங்கியது. டி.என்.எஸ் கேள்விகள் போய்ச் சேரும் போர்ட் என்ற கணினி வாசலின் எண் 53. பெயர் அதிலிருந்து வந்தது. ஒரு ஆள்களத்தை அங்கே ஒப்படைத்தால் பெயருக்கு முகவரி சொல்லும் நான்கு பெயர் வழங்கிகளைத் தருவார்கள். அவற்றின் முகவரிகள் டொட் கொம், டொட் நெட், டொட் ஓர்க், டொட் சிஓ டொட் யூகே என நான்கு விதமாக முடியும். ஒரு ஈறு முடங்கினாலும் மற்றவை பதில் சொல்லும். இவ்வளவு கவனமாகக் கட்டியவர்களுக்கும் 2025 ஒக்டோபர் 20 ஒரு கெட்ட நாள். அவர்களுடைய தரவுத்தளச் சேவை ஒன்றின் டி.என்.எஸ் பதிவு, தானியங்கி முறையின் பிழையால் வெறுமையாகிப்போனது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெயரைக் கேட்டால் முகவரி சொல்ல ஆளில்லை; உலகெங்கும் பல செயலிகள் படுத்துவிட்டன.

அதே நிறுவனம் 2012இல் தன் பெயரையே டொட் கொம் போன்ற ஒரு ஈறாக, அதாவது மேல்மட்ட ஆள்களமாகக் கேட்டது. அமேசன் எங்கள் ஆறும் காடும் என்று பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2019இல் இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு நிறுவனத்தின் பக்கம் முடிவெடுத்தது. ஓர் ஆற்றின் பெயரை இணையத்தில் ஆள்வது இன்று ஒரு வணிக நிறுவனம். நமக்கோ 2010 முதல் 'டொட் இலங்கை' என்ற ஈறு தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. பயன்படுத்துவோர்தான் அரிது.

துணைச் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ஈற்றை நிர்வகிப்பது பதிவகம். நமக்குப் பெயரைப் பதிந்து தருபவர் பதிவாளர். பெயருக்கு முகவரி சொல்வது பெயர் வழங்கி. ஓர் ஆள்களத்துக்குள் பிரிக்கிற சப்டொமைனுக்குத் துணை ஆள்களம் என்று எழுதுகிறார்கள். பற்று என்றே சொன்னால் வன்னியில் யாருக்கும் விளங்கும். வவுனியாவிலோ மல்லாவியிலோ கடை நடத்துபவர், பதிவாளரின் கணக்கு தன் பெயரில் இருக்கிறதா, தளம் செய்து தந்தவரின் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது. அந்தக் கணக்கு யார் கையிலோ, ஆள்களமும் அவர் கையில்.