கல்லொட்டி மீனுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும்

கடையில் ‘சக்கர்’ மீன் என்று கேட்டால் விரல் நீளத்தில் ஒன்றைப் பிடித்துக் கொடுப்பார்கள். அது தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்தி. ஒன்றரை அடி வரை வளரும். தொட்டி கொள்ளாதபோது அதை ஏரியில் விடுவது பெருந்தவறு. அங்கே அது கரையில் வளை தோண்டி முட்டையிடும். முள்ளும் தகடுமான உடம்பால் மீனவர் வலையைக் கிழிக்கும்.

நம் மலையோடைகளிலேயே தாடைக்கடியில் ஒட்டும் வட்டுடன் கல்லைப் பற்றி வாழும் காரா (Garra) இன மீன்கள் இருக்கின்றன. இவைதான் கல்லொட்டி. காரா முல்யா தென்னிந்தியாவில் பரவலாக உண்டு. பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும், வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது. ஆனால் இதைத் தொட்டி கழுவும் ஆளாக நினைத்து வாங்காதீர்கள். அப்படி வாங்கியவர்கள் வீட்டில்தான் இது பட்டினியால் சாகிறது.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். நான்கைந்து மீன்களுக்குப் போதும். மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் தள்ளும் பவர்ஹெட்டை (நீருக்குள் வைக்கும் சிறு பம்ப்) ஒரு முனையில் வைத்து, நீரோட்டம் கற்கள்மேல் படும்படி திருப்புங்கள். உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாயம். அடியில் ஆற்று மணல், அதன்மேல் கூர் இல்லாத கூழாங்கற்கள். மீனை விடுமுன் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் கழிவால் உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீர்ப் பரிசோதனையில் பூஜ்யம் காட்டும்வரை பொறுங்கள்.

வெயில்தான் முதல் எதிரி. நீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். காராவால் கவசக் கெளுத்தியைப் போல மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்க முடியாது. 22 முதல் 26 டிகிரி நல்லது. நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியான நீரை மட்டும் ஈடு செய்யுங்கள். சென்னைக் கோடையில் அதுவும் போதாது. அங்கே சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாதவர்கள் இந்த மீனைத் தவிர்ப்பதே நேர்மை. மின்வெட்டுக்கு பேட்டரி ஏர்பம்ப் தயாராக இருக்கட்டும். மூடியில் இடைவெளி விடாதீர்கள், ஈரக் கண்ணாடியில் ஏறி வெளியே விழும்.

சில கூழாங்கற்களை வெயிலில் ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டுவைத்தால் ஓரிரு வாரத்தில் பாசி பிடிக்கும். முறைமாற்றி உள்ளே வையுங்கள். கூடவே ஸ்பைருலினா வில்லை, வேகவைத்த வெள்ளரி, வாரம் இருமுறை உறைந்த புழு. வயிறு உள்வாங்கியிருந்தால் உணவு போதவில்லை என்று அர்த்தம்.

காப்புக்காடு, சரணாலய ஓடைகளில் பிடிப்பது குற்றம். மேற்கு மலைத்தொடரில் காரா ஹியூகி போன்றவை அருகிவருகின்றன. எங்கே பிடித்தது, என்ன இனம் என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வளர்க்க முடியாமல் போனால் வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். நாட்டு மீன்தானே என்று பக்கத்து ஓடையில் விட்டால், தொட்டியில் தொற்றிய ஒட்டுண்ணிகளும் அங்குள்ள மீன்களுக்குப் போய்ச் சேரும்.