இணையத்தில் பழகியவரை நேரில் பார்க்கப் போகிறீர்களா? ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்

போனில் பழகிய ஒருவரை நேரில் பார்க்கப் போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் என் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நீங்க அங்க போனது வேற யாருக்குத் தெரியும்?" என்பதுதான். பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

நேரில் சந்திப்பதில் எந்தத் தப்பும் இல்லை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக ஏரிக்கரையில் விடியற்காலையில் கூடுகிறவர்களில் எத்தனையோ பேர் அதுவரை வாட்ஸ்அப்பில் மட்டுமே பேசியவர்கள். ரத்ததானக் குழு, சைக்கிள் குழு எல்லாம் அப்படித்தான். அங்கே கூட நாலு பேர் இருக்கிறார்கள், எங்கே போகிறோம் என்று வீட்டிலும் தெரியும். அதனால் புதியவரை முதல்முறை பார்க்க இப்படிக் கூட்டமாகக் கூடும் இடத்தைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். வம்பு வருவது யாருக்கும் தெரியாமல் போகும் சந்திப்பில்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆண்கள் ஆண்களோடு பழகும் டேட்டிங் செயலி ஒன்றில் ஓர் இளைஞருக்குப் பழக்கம். சில வாரம் அன்பான பேச்சு. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் பார்ப்பதாக ஏற்பாடு. இவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு செய்தி வருகிறது: "இங்க தெரிஞ்சவங்க நிக்கிறாங்க. பைக்ல தம்பிய அனுப்புறேன், ரூமுக்கு வந்துடு." இவரும் ஏறிப் போய்விட்டார். அறையில் மூன்று பேர். அடித்து, போனைப் பிடுங்கி, ஜிபே ரகசிய எண்ணை வாங்கி, கணக்கில் இருந்த சம்பளப் பணத்தை எடுத்தார்கள். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். "போலீஸ் கிட்ட போனா இது உங்கப்பா போனுக்குப் போகும்." அதற்கப்புறம் மாதாமாதம் பணம் கேட்டு மிரட்டல். கடைசியில் அக்காவிடம் சொல்லி, அவர்தான் தம்பியை அழைத்துக்கொண்டு வந்தார்.

புகார் கொடுத்தால் தன்னையே கைது செய்துவிடுவார்கள் என்று அந்த இளைஞர் நம்பிக்கொண்டிருந்தார். இரண்டு வயதுவந்தவர்கள் மனம் ஒப்பிப் பழகுவது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு அவருக்குத் தெரியாததுதான் மிரட்டியவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். மிரட்டல்காரர் கையில் இருப்பது வீடியோ மட்டுமல்ல, வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற நம் பயமும்தான். வீட்டில் ஒருவரிடம் சொன்ன நாளிலிருந்து மிரட்டலுக்குப் பாதி பலம் போய்விடுகிறது.

அந்த வழக்கில் நான் அதிகம் கவனித்தது அந்த டீக்கடை. கடைசி நேரத்தில் இடம் மாறுவதை வழக்குக்கு வழக்கு பார்க்கிறேன். கூட்டமாக இருக்கிறது, மழை வருகிறது, அம்மா உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று ஏதாவது காரணம் வரும். அந்த நிமிடமே திரும்பி வந்துவிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற கூச்சம்தான் பலரைப் பைக்கில் ஏற்றிவிடுகிறது. உண்மையாகவே பார்க்க விரும்புகிறவர் இன்னொரு நாள் வருவார்.

போவதற்கு முன் ஒருமுறை வீடியோ காலில் முகத்தைப் பாருங்கள். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். அவர் வண்டியை நம்பாமல் திரும்பி வர வழி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் சொல்ல முடியாவிட்டால் நண்பரிடமாவது பெயர், எண், இடம் எல்லாம் கொடுத்து, லைவ் லொகேஷனைப் போட்டுவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112.

மீறி ஏதாவது நடந்துவிட்டால், உரையாடலை அழிக்காதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். அதுதான் நம் சாட்சியம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. மிரட்டிப் பணம் பறிப்பதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. "போட்டோவ நானேதானே அனுப்பினேன்" என்று தயங்கும் பெண்கள் அதே சட்டத்தின் 77ஆவது பிரிவை அறிந்திருக்க வேண்டும்: படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம். ஆண், பெண் யாராக இருந்தாலும் அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை அவர் சம்மதமில்லாமல் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு பொருந்தும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகள் இப்படி ஒருவரைப் பற்றி வாய் திறந்ததும் போனைப் பிடுங்கிப் பூட்டி, கல்லூரியை நிறுத்திவிடுகிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். அதைப் பார்த்த தங்கை தனக்கு ஒன்று நடந்தால் சொல்லவே மாட்டாள். கத்துவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் முழுதாகக் கேளுங்கள். பிள்ளைக்கு 18 வயது நிறையவில்லை என்றால், பாலியல் விஷயத்தில் அவள் விரும்பித்தான் போனாள் என்ற பேச்சுக்கே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் இடமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை நிறுத்த வேண்டுமே என்று பயந்தே பல வீடுகள் புகாரை விட்டுவிடுகின்றன. போக்சோ சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் அதிகாரி வர வேண்டும், வருகிறவர் சீருடையில் இருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.