ரியோகோ தானி களத்துக்குத் திரும்பி வர எத்தனை மாதம் ஆனது?

போன வாரம் என்னிடம் சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்து 9 வாரம். கல்லூரியில் இருந்தே ஜூடோ ஆடுபவர். குதித்தால் சிறுநீர் கசிகிறது, குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. "பயிற்சிக்கு இப்போதே போக வேண்டாமே" என்றேன். கணவர் உடனே கைபேசியை நீட்டினார். ஜப்பானிய ஜூடோ வீராங்கனை ரியோகோ தானியின் படம், கீழே "அம்மாவாகவும் தங்கம்". இந்த வருடம் அந்தப் படத்தை எனக்குக் காட்டிய நான்காவது ஆள் அவர்.

தானியை எனக்கும் பிடிக்கும். 146 சென்டிமீட்டர் உயரம், 48 கிலோ பிரிவு. 15 வயதில் ஃபுகுவோகா சர்வதேசப் போட்டியை வென்றதில் இருந்தே ஜப்பானுக்குச் செல்லப்பிள்ளை. சித்திரக்கதையில் வரும் ஜூடோக்காரியின் பெயரையே சூட்டி 'யவரா-சான்' என்று கொண்டாடினார்கள். ஒலிம்பிக்கில் பார்சிலோனாவிலும் அட்லாண்டாவிலும் வெள்ளி, சிட்னியிலும் ஏதென்ஸிலும் தங்கம், உலகப் பட்டம் மட்டும் ஏழு. வாயும் சும்மா இருக்காது. கல்யாணத்துக்கு முன் அவர் பெயர் ரியோகோ தமுரா. பேஸ்பால் வீரர் யோஷிதோமோ தானியை மணந்த பிறகு, ஏதென்ஸுக்குக் கிளம்பும்போது "தமுராவாகத் தங்கம், தானியாகவும் தங்கம்" என்றார். சொன்னபடி வென்றார். பெய்ஜிங்குக்கு முன் சொன்னதுதான் அந்த "அம்மாவாகவும் தங்கம்".

பெய்ஜிங்கில் கிடைத்தது வெண்கலம். அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

சரி, கணக்குப் போடுவோம். குழந்தை பிறந்தது 2005 டிசம்பர் கடைசியில். 2006 முழுக்கப் போட்டியே கிடையாது. முதலில் களமிறங்கியது 2007 ஏப்ரலில், ஃபுகுவோகாவில் நடந்த தேசியப் போட்டியில். அதிலும் இறுதிச்சுற்றில் எமி யமகிஷியிடம் தோற்றார். பழைய சாதனைகளைப் பார்த்து உலகப் போட்டிக்கு அவரையே அனுப்பினார்கள். ஜப்பானில் அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் தங்கம் வாங்கினார். ஆக, முதல் ஆட்டத்துக்கே 15 மாதம், தங்கத்துக்கு 20 மாதத்துக்கு மேல். பல வருடம் உலகத்தை ஆண்ட உடம்புக்கே இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கொடுத்தது 9 வாரம்.

"மன உறுதி இருந்தால் போதும்" என்பார்கள். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கு மன உறுதி தெரியாது. ஒன்பது மாதம் பாரம் தாங்கி, பிரசவத்தில் இழுபட்ட தசை அது. வயிற்றின் நடுவே விலகிய தசைகளும் அப்படித்தான். ஆறாவது வாரம் மருத்துவர் "எல்லாம் நல்லா இருக்கு" என்றால் லேசான பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்றுதான் பொருள். எதிராளியை முதுகில் ஏற்றி எறியலாம் என்று பொருள் இல்லை.

இருமினால், குதித்தால் கசிவது "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று விடுகிற விஷயம் இல்லை. வந்து காட்டுங்கள், பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகும். முதலில் நடை, மூச்சோடு சேர்ந்த இடுப்புத்தளப் பயிற்சி. மூன்று மாதத்துக்கு முன் ஓட்டம் வேண்டாம். விழுந்து எழும் பயிற்சி அதற்கும் அப்புறம்தான். சிசேரியன் என்றால் இன்னும் நிதானம். பாலூட்டும்போது எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்காதீர்கள், தயவுசெய்து. பயிற்சியாளர்களே, கசிவைப் பற்றிக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் எங்களிடம் அனுப்பிவிடுங்கள்.

அந்தக் கணவருக்கு, தானிக்குக் குழந்தை பிறந்தது எப்போது, களமிறங்கியது எப்போது என்று இரண்டையும் மருந்துச்சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "சரி மேடம், அப்போ அடுத்த மாசப் போட்டிக்கு மட்டும் போய்ட்டு வரட்டுமா?" என்றார்.