விண்வெளி நேரலை ஏன் அடிக்கடி அறுந்துபோகிறது?

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வரும் பூமியின் நேரலையைத் தம் மகளுடன் பார்த்துக்கொண்டிருந்த வாசகர் ஒருவர், இரண்டு ஐயங்களை எழுதியிருக்கிறார். படம் திடீரென்று நின்று நீலத் திரை தோன்றுவது ஏன்? திரையில் சில வெண்புள்ளிகள் தெரிவது ஏன்? நாசா எதையோ மறைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் உறவினர் அனுப்பிய செய்தியையும் அவர் இணைத்திருந்தார்.

நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில், சுமார் 93 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருகிறது. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தூரம் அதற்கு ஒன்றரை நிமிடப் பயணம். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 35 நிமிடங்கள் அது பூமியின் நிழலுக்குள் செல்வதால், அப்போது திரை கறுத்துவிடும். அது இரவு, அவ்வளவுதான். நீலத் திரைக்குக் காரணம் வேறு.

400 கி.மீ. கீழே இருக்கும் நமக்கு அந்தப் படம் நேராகக் கீழே இறங்கி வருவதாகத்தான் எண்ணத் தோன்றும். ஆனால் அது முதலில் மேலே போகிறது. தரையில் ஓரிடத்திலிருந்து பார்த்தால், நிலையம் தொடுவானத்தில் எழுந்து மறுபக்கம் மறைய அதிகம் போனால் பத்து நிமிடங்கள்தான் ஆகும். சுற்று முழுவதும் தொடர்பு வேண்டுமென்றால் கடல் நடுவிலெல்லாம் தரைநிலையம் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மாற்றாக, ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் பூமியின் சுழற்சியோடு ஒத்து நகரும் புவிநிலைச் சுற்றுப்பாதையில், தகவலை வாங்கிக் கடத்தும் டி.டி.ஆர்.எஸ். என்னும் அஞ்சல் செயற்கைக்கோள்களை நாசா நிறுத்தியிருக்கிறது. முதலாவது 1983இல் ஏவப்பட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால், நிலையத்தின் பாதையில் ஏறக்குறைய பாதி ஒரே செயற்கைக்கோளின் பார்வைக்குள் அடங்கிவிடும். நிலையம் அனுப்பும் படம் அங்கே ஏறி, அங்கிருந்து நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலோ பசிபிக் தீவான குவாமிலோ உள்ள தரைநிலையத்தில் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒளியின் வேகத்தில் கால் விநாடி போதும். நாம் உணரும் தாமதத்தின் பெரும்பகுதி, படத்தைச் சுருக்கி இணையத்தில் அனுப்புவதில் ஏற்படுவது.

இதில் என்னை மிகவும் கவர்வது நிலையத்தின் டிஷ் ஆண்டெனாதான். நம் மொட்டை மாடியிலுள்ள டிஷ் ஒருமுறை திருப்பி வைத்தால் அப்படியே நிற்கும், ஏனெனில் அதுவும் அது பார்க்கும் செயற்கைக்கோளும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. நிலையத்தின் டிஷ்ஷோ, விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் விரைந்துகொண்டே, ஒரு பாகையைவிடக் குறுகிய ரேடியோ அலைக் கற்றையை, பல்லாயிரம் கி.மீ. தொலைவிலுள்ள ஒரு செயற்கைக்கோளின் மீது விலகாமல் பதித்திருக்க வேண்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அது மறைக்கும் வானத்தின் அகலம்தான் ஏறத்தாழ ஒரு பாகை. அந்தச் செயற்கைக்கோள் பூமிக்குப் பின்னால் மறையத் தொடங்கியதும், டிஷ் திரும்பி அடுத்ததைத் தேடிப் பிடிக்க வேண்டும். நிலையத்தின் சொந்தச் சூரியத் தகடுகளே சில வேளை குறுக்கே வந்துவிடுவதும் உண்டு. நீலத் திரை இத்தகைய இடைவெளிகளில்தான் தோன்றுகிறது. இத்தனை பேரின் பல்லாண்டு உழைப்பை ஒரு வரியில் பொய்யாக்கும் செய்திகளை ஒரு நிமிடமும் யோசிக்காமல் பிறருக்கு அனுப்புவது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

ககன்யான் பயணத்துக்காக இஸ்ரோவும் இத்தகைய அஞ்சல் செயற்கைக்கோள்களைத் திட்டமிட்டிருக்கிறது. கண்ணைக் கவரும் படம் எதையும் இவை எடுப்பதில்லை என்பதற்காக இவற்றுக்கான நிதி பின்னுக்குப் போய்விடக் கூடாது.

இனி வெண்புள்ளிகள். 2014 ஏப்ரலில் அனுப்பப்பட்ட எச்.டி.இ.வி. என்னும் சோதனையில், கடைகளில் கிடைக்கும் வகையைச் சேர்ந்த நான்கு கேமராக்கள், நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைக்கப்பட்டு, ஐரோப்பாவின் கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டன. விண்வெளிக் கதிர்வீச்சை அவை எவ்வளவு காலம் தாங்கும் என்று அறிவதே முதன்மை நோக்கம். 2019 ஜூலை வரை அவை தாங்கின. அதிவேகத் துகள் ஒன்று கேமராவில் ஒளியைப் பதியும் உணரியைத் தாக்கும்போது, அங்குள்ள படப்புள்ளி சேதமடைந்து, ஒளி படாதபோதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். இப்போது நேரலை தரும் கேமராக்களுக்கும் இதே கதிர்வீச்சுதான். அடுத்த முறை வாசகரின் மகள் ஒரு வெண்புள்ளியைக் கண்டால், அதன் மேல் விரலை வைத்துப் பார்க்கட்டும்: கடலும் மேகமும் நகர்ந்து போகப் புள்ளி மட்டும் விரலடியிலேயே நின்றால், அது பூமியிலும் இல்லை, வானிலும் இல்லை, கேமராவுக்குள் இருக்கிறது.