பங்களா பெரிது, வாடகை சிறிது: புதுதில்லியின் பழைய குவார்ட்டர்ஸ் விதி

தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்போவதாக 1911 டிசம்பரில் அறிவித்த பிரிட்டிஷ் அரசு, 1931 பிப்ரவரியில் புதுதில்லியைத் திறந்துவைத்தது. புது ஊர் என்பதால் அதிகாரிகளுக்கான வீடுகளையும் அரசே கட்டியது. ஒதுக்கீட்டுக்கு அடிப்படை பதவி. வைஸ்ராய் மாளிகைக்கு அருகே தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள் மேலதிகாரிகளுக்கு. கோல் மார்க்கெட் பக்கம் வரிசை வீடுகள் எழுத்தர்களுக்கு. எழுத்தர் வீடுகளிலும் இந்திய முறையில் வாழ்வோருக்கு ஒரு வகை, மேல்நாட்டு முறையில் வாழ்வோருக்கு இன்னொரு வகை. முகவரியைச் சொன்னாலே ஆளின் உயரம் தெரிந்துவிடும். தலைமைப் படைத்தளபதிக்கு ராபர்ட் டார் ரஸ்ஸல் வடிவமைத்த மாளிகைதான் பின்னாளில் நேரு குடியிருந்த தீன்மூர்த்தி இல்லம்.

இனி வாடகை. அரசு ஊழியர்களின் ஊதியம், விடுப்பு போன்றவற்றுக்காக 1922-இல் நடைமுறைக்கு வந்த 'அடிப்படை விதிகள்' தொகுப்பில் 45ஆம் விதியும் அதன் கிளைகளும் இதைப் பேசுகின்றன. அரசு கட்டிய வீட்டுக்கு அன்று 'நிர்ணய வாடகை' என்று ஒன்று இருந்தது. அது கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தத் தொகை, ஊதியத்தில் 10 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ, அதைக் கட்டினால் போதும் என்று இருந்தது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டால் விளங்கும். பங்களா கட்ட ஆன செலவு 1,20,000 ரூபாய். 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 7,200, மாதம் 600. குடியிருக்கும் அதிகாரியின் மாத ஊதியம் 4,000. அவர் கட்டுவது 400. மீதி 200 அரசின் தலையில். நூறு ரூபாய் ஊதியம் வாங்கும் எழுத்தருக்கும் இதே விதிதான், அவர் பத்து ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியதில்லை. சதவீதம் ஒன்றே என்றாலும், சலுகையின் கனம் பங்களாவில்தான் கூடுதல்.

இந்த 10 சதவீத வரம்பு எல்லா நேரத்திலும் காப்பாற்றவில்லை. தன் தகுதிக்கு மேற்பட்ட வீட்டைத் தானே கேட்டு வாங்கியவரிடமும், உள்வாடகைக்கு விட அனுமதி பெற்றவரிடமும் அரசு அதிகம் வசூலிக்க முடிந்தது. தண்ணீர், கழிவுநீர், மின் இணைப்புகள் வீட்டோடு சேர்த்தி. அறைகலன், அரசு செலவில் பராமரிக்கும் தோட்டம், டென்னிஸ் மைதானம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். டென்னிஸ் மைதானம் என்று விதியிலேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆட்கள் மாறினார்கள், வரிசை மாறவில்லை. தில்லி ஒதுக்கீட்டுக்கு 1963-இல் தனி விதிகள் வந்தன. அவற்றின் இடத்தை 2017 விதிகள் பிடித்தன. 1987 முதல் மத்திய அரசு வீடுகளுக்குப் பரப்பளவை ஒட்டிய சீரான உரிமக் கட்டணம், அதாவது வாடகை. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் விடுப்பையும் ஊதியத்தையும் ஆள்வதும் அதே தொகுப்பின் வழிவந்த அடிப்படை விதிகள்தான், அலுவலகங்களில் 'ஃபண்டமெண்டல் ரூல்ஸ்' என்பதைச் சுருக்கி 'எஃப்.ஆர்.' என்பார்கள்.